இரண்டு இருக்கை போதுமா?

டோக்கியோவில் கார் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காரை அல்ல, அதை நிறுத்தும் இடத்தை. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்காமல் வண்டி உங்கள் பெயருக்குப் பதிவாகாது. வரைபடம் வரைந்து, நீள அகலம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு மாதாமாதம் கட்டும் வாடகையில் கோவையில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். நிமிடத்துக்கொரு ரயில் ஓடுகிற ஊரில் இத்தனையும் செய்து ஒருவர் கார் வைத்திருக்கிறார் என்றால், ஒன்று வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கும், இல்லை கார்ப் பைத்தியம் பிடித்திருக்கும்.

நிஷிகசாய் பக்கம் இரண்டாம் வகையினர் கூடிக்கொண்டே வருகிறார்கள். 2000ஆம் ஆண்டு கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த இந்தியப் பொறியாளர்களால் பெருகிய வட்டாரம் இது. அந்தத் தலைமுறை காசைச் சேர்த்து ஊரில் மனை வாங்கியது. இப்போது வருகிற தம்பிகள் வேறு மாதிரி. ஈரோட்டுத் தம்பி ஒருவன் போன் செய்தான்.

“அண்ணா, ரோட்ஸ்டர் எடுக்கட்டுங்களா, எய்ட்டி சிக்ஸ் எடுக்கட்டுங்களா?”

“ரெண்டையும் ஓட்டிப் பாத்தியா?”

“யூடியூப்ல பாத்துட்டேனுங்ணா.”

ரோட்ஸ்டர் என்று அவன் சொல்வது மஸ்டா ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்று விற்பது. எய்ட்டி சிக்ஸ் என்பது டொயோட்டா ஜிஆர் 86. இரண்டுக்கும் எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். இரண்டிலும் கையால் மாற்றும் ஆறு கியர் பெட்டி கிடைக்கிறது. இரண்டிலும் ஹேண்ட்பிரேக் இன்னும் பொத்தானாகிவிடவில்லை. இழுத்துப் பிடிக்கும் நெம்புகோல்தான். விலையும் அடிப்படை ரகங்களில் 30 லட்சம் யென்னை ஒட்டியே நிற்கிறது. சம்பளம் வாங்குகிறவன் புதிதாக எடுக்கக்கூடிய இப்படிப்பட்ட வண்டிகள் உலகத்திலேயே அருகிப்போய்விட்டன. ஆகவே தம்பியின் கேள்வி நியாயமானதுதான்.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ஜிஆர் 86இல் 2.4 லிட்டர் எஞ்சின், 235 குதிரைத்திறன், எடை 1,270 கிலோ. ஜப்பானில் விற்கும் துணிக்கூரை ரோட்ஸ்டரின் வழக்கமான ரகங்களில் 1.5 லிட்டர், 136 குதிரைத்திறன், எடை 1,010 கிலோவில் தொடங்குகிறது. 86 நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடி சொச்சத்தில் தொடும். ரோட்ஸ்டருக்கு எட்டு விநாடிக்கு மேல் ஆகும். அதே பணத்துக்கு நூறு குதிரை கூடுதல் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அந்த நூறு குதிரைகளை எங்கே ஓட்டுவது? ஜப்பானில் நடுக்கோடு போட்ட, பலகை எதுவும் இல்லாத சாதாரணச் சாலையில் உச்ச வேகம் 60. மலைச் சாலைகளில் பெரும்பாலும் 40. விரைவுச் சாலையில் பொதுவாக 100. ஷின்-டோமேய் போன்ற சில சாலைகளின் சில பகுதிகளில் மட்டும் 120. சாதாரணச் சாலையில் வரம்பைவிட 30 கிலோமீட்டர் கூடப் போய் மாட்டினால் அபராதச் சீட்டோடு முடியாது. நீதிமன்றமும் உரிம நிறுத்தமும் வரும். ஜப்பானியருக்கு அது தலைவலி. நமக்கு அதற்கு மேல். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்ப்பார்கள், போக்குவரத்துக் குற்றமும் அந்தக் கணக்கில் சேரும். விசா அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனின் வலது காலில் எப்போதும் ஒரு சிறு எடை தொங்கிக்கொண்டே இருக்கும். பத்திரிகைகளின் ஒப்பீட்டுப் பட்டியல்களில் அதற்குக் கட்டம் கிடையாது.

என் கட்சி இதுதான்: ரோட்ஸ்டர், வரம்புக்குள் ஓட்டும்போதே வேகமாகப் போகிற உணர்வைத் தருகிறது. இரண்டு வண்டிகளும் இரண்டாவது கியரிலேயே ஏறக்குறைய 100ஐத் தொடக்கூடியவை. 86 அங்கே போய்ச் சேருவதற்குள் நீங்கள் ரசித்து முடித்திருக்க மாட்டீர்கள். ரோட்ஸ்டர் நேரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் 4,000 சுற்றில் ஒரு குரலிலும் 6,000 சுற்றில் வேறொரு குரலிலும் பாடும். 7,500இல் சிவப்புக் கோடு. கியர்த் தண்டு கட்டைவிரல் நீளத்துக்குத்தான் நகரும். மணிக்கட்டை அசைத்தால் போதும், அடுத்த பல்லில் போய் விழும். நான் தேவையே இல்லாமல் கியர் மாற்றிக்கொண்டிருப்பேன்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கண்ணாடிக்கு மேலே நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் துணிக்கூரையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் தள்ளி, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் முடிந்தது. மோட்டார் இல்லை, காத்திருப்பு இல்லை. சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள் திறந்துவிடலாம். திறந்ததும் முதலில் கண்ணில் படுவது வானம் அல்ல, பக்கத்தில் நிற்கும் லாரியின் சக்கர நட்டு. அவ்வளவு தாழ்வான வண்டி. இங்கே பலர் கூரையைத் திறப்பது குளிர்காலத்தில்தான்: ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டு, கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, ஹகோனே மலையில் பிப்ரவரியில் போவார்கள். ஆகஸ்டில் மூடிவைத்து ஏசி போடுவார்கள். “காசு குடுத்து வெயில்லயும் குளிர்லயும் போறதுக்கா?” என்று என் மனைவி கேட்டாள். டிவிஎஸ் 50இல் வெயிலில் அலைந்து வளர்ந்தவளுக்குக் கூரையில்லாத வண்டி ஒரு படி இறக்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஹகோனேயில் பிளம் பூக்கும் காலத்தில் ஒருமுறை கூட்டிப் போனபிறகு அந்தக் கேள்வி வரவில்லை. தலைக்குக் கட்ட ஸ்கார்ஃப் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் வந்தது.

86க்கு வருகிறேன். அது மோசமான வண்டி என்று நான் சொன்னதாகத் தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படிச் சொல்லவில்லை. வாடகைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு குன்மா மாநிலம் போனேன். டொயோட்டா முத்திரை குத்தியிருந்தாலும் அந்த வண்டி பிறப்பது குன்மாவின் ஓட்டா நகரில், சுபாரு ஆலையில்தான். எஞ்சினும் சுபாருவுடையது: சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் வகை. அதனால் எடை முழுக்கத் தரையை ஒட்டி இருக்கிறது. வளைவில் உடம்பு சாய்வதே தெரியாது. 2012இல் வந்த முதல் 86இல், எஞ்சின் நடு வேகத்தில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். 2021இல் வந்த ஜிஆர் 86இல் கொள்ளளவை 2 லிட்டரிலிருந்து 2.4க்கு உயர்த்தி அந்தக் குழியை அடைத்துவிட்டார்கள். 3,700 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது. சோம்பேறியாக மூன்றாவது கியரிலேயே மலை ஏறலாம். அது வசதியா குறையா என்பது ஓட்டுகிறவரைப் பொறுத்தது. எனக்குக் கை சும்மா இருப்பது பிடிக்கவில்லை.

ஓட்டாவை ஒட்டிய ஒய்சுமி என்ற சிற்றூரில் சாப்பிட நிறுத்தினேன். கடைப் பலகைகள் போர்ச்சுகீசிய மொழியில் இருந்தன. 1990இல் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு காலத்தில் பிரேசிலுக்குப் பிழைக்கப் போன ஜப்பானியரின் பேரப்பிள்ளைகள் இங்கே ஆலை வேலைக்குத் திரும்பி வந்தார்கள். இன்று அந்த ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளிநாட்டவர். சுற்றுவட்டார ஆலைகள் நிமிர்ந்ததில் இவர்களுடைய உழைப்புக்குப் பெரிய பங்குண்டு. ‘அசல் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் வண்டிகளுக்குப் பின்னால் இப்படி எத்தனை வெளியூர்க் கைகளோ! வறுத்த இறைச்சியும் கறுப்பு பீன்ஸும் சோறும் வைத்தார்கள். நம் ஊர் மெஸ் அளவுக்குச் சோறு.

அங்கிருந்து வடமேற்கே போனால் ஹருனா மலை. ‘இனிஷியல் டி’ காமிக்ஸ் படித்தவர்களுக்கு அதுதான் அகினா. 1995இல் ஷிகெனோ ஷூயிச்சி தொடங்கிய அந்தக் கதையில், அப்பாவின் தோஃபு கடையிலிருந்து விடிகாலையில் சரக்கு கொண்டுபோகும் பையன், பழைய டொயோட்டா ஏஇ 86ஐ ஓட்டியே பெரிய பெரிய வண்டிகளைத் தோற்கடிப்பான். 1983இல் வந்த அந்த எளிய கரோலா ரகத்தின் நினைவாகத்தான் இன்றைய வண்டிக்கு 86 என்று பெயர். தமிழ்நாட்டில் கல்லூரி விடுதியில் அந்த அனிமே பார்த்த பையன்கள் எத்தனை பேர் இங்கே வந்து முதல் வேலையாக ஹருனாவுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். போய் ஏமாறுகிறார்கள். சறுக்கி ஓட்டுவதைத் தடுக்கச் சாலையில் மேடுகள் போட்டிருக்கிறார்கள். ஞாயிறன்று முன்னால் இக்காஹோ வெந்நீரூற்றுக்குப் போகும் சுற்றுலாப் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும். ஒன்று கவனித்தீர்களா? அந்தக் கதையின் நாயகன் வலிமை குறைந்த, எடையும் குறைந்த வண்டியை ஓட்டுகிறவன். கதையைப் படித்துவிட்டு ஓடிப்போய் 235 குதிரை வாங்குகிறார்கள்!

பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசையிருந்தால் பேச்சே வேறு. பந்தய வீரர்கள் கரிவரதனும் நரேன் கார்த்திகேயனும் வளர்ந்த கோவை மண்ணிலிருந்து வந்தவன் நான். 2019 நவம்பரில் ஃபியூஜி தடத்தில் நரேன் ஜெயித்தபோது இங்கே அலுவலகத்தில் இனிப்பு கொடுத்த ஆள். அங்கே 86இன் வலிமைக்கு நீளமான நேர்பாதை இருக்கிறது. பின்சீட்டை மடக்கினால் நான்கு டயர்களை உள்ளே ஏற்றிக்கொண்டு போகலாம். அப்படித் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றாமல் ஓட்டும் போட்டிகள் இரண்டு வண்டிக்கும் உண்டு. இருந்தாலும் ஒரே வண்டியில் தடமும் வீடும் கடைத்தெருவும் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு 86 எடுக்கலாம்.

இனி அந்தப் பின்சீட்டு. 86க்கு நான்கு இருக்கை என்று பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. என் உயரத்துக்கு முன்சீட்டைத் தள்ளிவைத்தால் பின்னால் உட்காருகிறவருக்கு முழங்கால் இருக்கக் கூடாது. ஆனாலும் நம்மவர்கள் 86ஐத் தேர்ந்தெடுக்கக் காரணமாகச் சொல்வது அதைத்தான். ஈரோட்டுத் தம்பியும் அதையேதான் சொன்னான்: “அப்பா அம்மா வந்தா உக்காரணும்லங்ணா.”

என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். “ஏஞ்சாமி, ரெண்டு பேரு உக்கார்ற காரா? நாங்க வந்தா எங்க உக்கார்றது?” கோபமில்லை, நிஜமான குழப்பம். எங்கள் வீட்டில் மாருதி 800இல் எட்டுப் பேர் பழனிக்குப் போயிருக்கிறோம். கார் என்றால் ஆட்களை ஏற்றுவதற்குத்தான். அந்த நினைப்பில்தான் நானும் முதலில் ஏழு பேர் உட்காரும் சியென்டா வைத்திருந்தேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக. வருகிறவர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை வந்தார்கள். மீதி நாளெல்லாம் ஐந்து காலி இருக்கைகளுக்குப் பெட்ரோல் போட்டு, வரி கட்டி, வாடகைக்கு எடுத்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வாழ்க்கையில் நாம் வைத்திருக்கும் கூடுதல் அறை, கூடுதல் மெத்தை, கூடுதல் தட்டு எல்லாமே இப்படித்தான். இங்கே இருக்கிற நம்மைவிட, வரப்போகிறவர்களுக்கே வீட்டில் இடம் அதிகம். இப்போது அவர்கள் வந்தால் நரிதா விமான நிலையத்தில் ஒரு வேனை வாடகைக்கு எடுக்கிறேன். பெட்டிகளுக்கும் இடம் கிடைக்கிறது. ரோட்ஸ்டரின் டிக்கியில் இரண்டு சின்னப் பெட்டிகளுக்கு மேல் நுழையாது. முன்னால் கையுறைப் பெட்டிகூட இல்லை, சாமான்களை முதுகுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது: புது ரோட்ஸ்டருக்கு 30,500 யென், 86க்கு 43,500. அரசுக் கணக்கில் மைலேஜ் முறையே லிட்டருக்கு 17, 12 கிலோமீட்டர் அளவில். இரண்டுக்கும் விலை கூடிய ஹை-ஆக்டேன் பெட்ரோல்தான். புது வண்டிக்கு 3 ஆண்டு முடிந்ததும், பிறகு 2 ஆண்டுக்கொருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனை. அதோடு கட்டும் வரிக்கு எடைதான் அளவுகோல். 2021 டிசம்பரில் மஸ்டா வெளியிட்ட 990எஸ் ரகம், பெயரே சொல்வதுபோல், ஒரு டன்னுக்குக் கீழே. 2024இல் விற்பனைக்கு வந்த புதுப்பித்த வண்டியில் பாதுகாப்புக் கருவிகளும் பெரிய திரையும் சேர்ந்ததும் எடை 1,010 ஆகி வரிப் படி ஒன்று ஏறிவிட்டது. அதனாலும் பழைய, எடை குறைந்த அடிப்படை எஸ் ரகத்தைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் 2016 மாடல் எஸ் ஒன்றைத்தான் பழையதாக வாங்கினேன். அதில் பின் சக்கரங்களுக்கு ஸ்டெபிலைசர் கிடையாது, எல்எஸ்டி கிடையாது. வளைவில் நன்றாகவே சாயும். எனக்கு அந்தச் சாய்வு பிடிக்கும். முரட்டுத்தனமாக ஓட்ட நினைப்பவர்கள் எஸ்ஸைத் தவிர்த்து மேல் ரகம் எடுக்கட்டும். 86 பழையதாக வாங்குகிறவர்கள் 2023 செப்டம்பருக்குப் பிந்தையதைப் பார்ப்பது நல்லது. அதிலிருந்துதான் கையால் கியர் மாற்றும் வண்டிக்கும் ஐசைட் பாதுகாப்பு அமைப்பு வந்தது.

தம்பி கடைசியில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 86 எடுத்தான். நீல நிறம், மேனுவல். அவன் அப்பா அம்மா சகுரா பூக்கும் காலத்தில் வந்தபோது அம்மாவை முன்னால் உட்காரவைத்து அழைத்துப் போனான். அப்பா ரயிலில் வந்தார். பின்சீட்டில் பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டையும் குளிர்கால டயர் இரண்டும் இருந்தன.