ஒன்றுக்குப் பன்னிரண்டு

எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கிறேன் என்று நானாகத்தான் கை தூக்கினேன். சம்பளம் கிடையாது. இடது காலில் போலியோ. காலிப்பர் போட்டு நடப்பவள் நான். கஷ்டம் அனுபவித்தவளுக்குத் தலைமை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். கொத்து வேலை போல இதையும் ஒருவர் பக்கத்தில் இருந்துதான் பழக வேண்டும் என்பதை எனக்குக் காட்டியவர் அண்ணன்.

அண்ணன் பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர். எனக்கு முன்னால் பதினைந்து வருஷம் சங்கத்தை நடத்தினார். ஓர் அலுவலக வாசலில் சாய்தளம் சரியில்லை என்று நான் எழுதிய முதல் மனுவை மடியில் வைத்துப் படித்தார். 'ஆதரவற்ற எங்கள்மேல்', 'கருணை கூர்ந்து' என்றிருந்த இடங்களையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார்.

"இதெல்லாம் எதுக்குத்தா? நாம தர்மமா கேக்குறோம்? சரி, அளந்தியா?"

அளக்கவில்லை.

மறுநாள் டேப்போடு போனோம். வாசல் உயரம் இரண்டரை அடி. சாய்தளத்தின் நீளம் எட்டடி. "ஒண்ணுக்குப் பன்னெண்டு" என்றார் அண்ணன். ஓரடி உயரம் ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும். அந்தக் கணக்கில் அங்கே முப்பதடி இருந்திருக்க வேண்டும். எட்டடியில் ஏறினால் வீல்சேர் பின்னால் கவிழப் பார்க்கும். ஓர் ஆள் முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டும். அந்த ஆள் கிடைக்காத நாளில் மனு கொடுக்க வந்தவர் வாசலோடு திரும்பிப் போவார். பல வருஷமாக அப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது மனுவில் அளவுகள் இருந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இருந்தது. விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றிவிட வேண்டும் என்கிறது அது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. அதையும் எழுதினேன். ரசீது வாங்காமல் நகரக்கூடாது என்பது அன்றைய இன்னொரு பாடம்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலில் கருங்கல்லை மரச்சட்டமும் கயிறுமாக இழைத்துக் கொடுங்கைக் கூரை போட்டிருக்கிறார்கள். பழைய சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வது வழக்கம். கல்லை அப்படி வசப்படுத்தியவர்களின் ஊரில் முப்பதடிச் சரிவு ஒன்று ஒழுங்காக அமையவில்லையே என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அளப்பது சீக்கிரம் கைவந்தது. ஆளிடம் கேட்பதுதான் வரவில்லை.

மீமிசல் பக்கம் ஒரு வீடு. இருபத்துநாலு வயதுப் பெண், மூளை முடக்குவாதம். பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வரும். நான் அவளிடம் கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொன்னார். நானும் அம்மாவைப் பார்த்தே எழுதிக்கொண்டேன். அண்ணன் என் நோட்டின்மேல் கையை வைத்தார். அவளைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும் தாயி?" என்றார். பிறகு பேசவே இல்லை. அம்மா வாயெடுத்தபோதும் கையமர்த்தினார். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. கடைசியில் ஒரே சொல் வந்தது.

"வாசல்."

வீட்டில் வீல்சேர் இருந்தது. வெளியே மணல், சக்கரம் புதையும். அதனால் அவள் உள்ளறையிலேயே இருந்தாள். சாயங்காலம் வாசலுக்கு வர வேண்டும், தெருவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. உதவித்தொகை, அடையாள அட்டை என்று என் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. வாசல் அதில் இல்லை.

திரும்பும் வழியில் அண்ணன் ஆய்க்குடியைப் பற்றிச் சொன்னார். கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் பெர்க்லியில் எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972-இல் சுயசார்பு வாழ்வு மையம் தொடங்கினார்கள். ராபர்ட்ஸுக்குப் போலியோவில் மூச்சுவிடவே எந்திரம் வேண்டியிருந்தது. "எழுப்பிவிட ஆள் வேணும்தான். எப்ப எழுப்பணும்னு சொல்றது நாமளா இருக்கணும்" என்றார் அண்ணன். சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்லும் சட்டத்தின் 5-ஆவது பிரிவும், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவும் எனக்கு அந்தப் பயணத்தில்தான் புரிந்தன.

அந்தப் பெண்ணின் வாசலிலிருந்து சிமெண்டுப் பாதை போட முடிவானது. பாதை வலப்பக்கம், கோயிலை நோக்கிப் போகட்டும் என்றார் அம்மா. கொத்தனாரும் அதுதான் சிக்கனம் என்றார். நான் தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு அவளிடம் கேட்டேன். இடப்பக்கம் என்றாள். அங்கே கடை இருக்கிறது. பதினோரு அடி கூடுதல். இடப்பக்கமே போட்டோம்.

2025 ஏப்ரலில் சட்டசபையில் ஒரு திருத்தம் நிறைவேறியது. ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாகலாம். அதைப் பற்றிப் பேச, அந்தப் பாதை முடியும் இடத்தில், கடை வாசலிலேயே கூட்டம் போட்டோம். நான் விவரம் சொல்லி முடித்ததும் அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். எல்லாரும் காத்திருந்தோம். அவளுடைய அம்மாவும் காத்திருந்தார்.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல... எத்தனை... படி?"

எனக்குத் தெரியவில்லை. டேப் என் பையில் இருந்தது.