மருத்துவரிடம் நாம் கேட்பது என்ன?

'ஆட்டிசம்' என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'மதியிறுக்கம்' என்பார் சிலர். 'தன்முனைப்புக் குறைபாடு' என்பார் வேறு சிலர். 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று அரசுக் கோப்புகள் எழுதுகின்றன. மூன்றும் நமக்கு உவப்பானவையல்ல. மின்விசிறியின் சுழற்சியிலும் ரயிலின் ஓசையிலும் நம்மைவிட ஆழ்ந்து ஒன்றியிருக்கும் குழந்தையைக் கண்டவர், அதற்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று பெயரிடத் துணியார். அரபு மொழியில் இதனைத் 'தவஹ்ஹுத்' என்பர். ஒன்று எனப் பொருள்படும் 'வாஹித்' பிறந்த அதே வேரிலிருந்து பிறந்த சொல் அது. தனித்திருத்தல் என்பது பொருள். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த மேலைப் பெயரும் ஏறத்தாழ இதையே சுட்டுகிறது. சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பது நம்மைப் போன்ற மத்ரஸா ஆசிரியரின் பழக்கம், வாசகர்கள் பொறுத்தருள்க.

பேர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பேச்சு வரத் தாமதம், விரல் நீட்டிக் காட்டாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சில ஓசைகளையும் சுவைகளையும் தாங்க மாட்டாமை ஆகியவை இதன் அடையாளங்கள். மூளை வளரும் போக்கிலேயே அமைந்துவிடும் வேறுபாடு இது. உலகில் நூறு குழந்தைகளில் ஒன்று, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்பது மருத்துவ உலகின் கணக்கு. இதனை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. மிகுந்த எரிச்சல், உறக்கமின்மை போன்ற துணைத் தொல்லைகளுக்குச் சில மருந்துகள் உண்டு. பேச்சுக்கும் பழக்கத்துக்கும் பயிற்சிகள் உண்டு. அவ்வளவே.

இந்த 'அவ்வளவே' என்னும் சொல்லைப் பெற்றோரால் தாங்க முடிவதில்லை. தாங்க வேண்டுமென்று அவர்களிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

நம் ஊர்களில் இத்தகைய குழந்தைகள் மருத்துவரிடம் செல்லுமுன் நம்மிடம் வந்து சேர்கின்றன. "ஹஜ்ரத், ஓதிப் பாருங்க, புள்ளைக்குக் கண்ணேறு பட்டிருக்கும்" என்று பாட்டிமார் தூக்கி வருவார்கள். நாம் ஓதி துஆ செய்வோம். பின்பு டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்போம். சிலர் காட்டியிருப்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஓதுவதை டாக்டரிடம் சொல்வதற்கும் டாக்டரிடம் போவதை நம்மிடம் சொல்வதற்கும் ஒரே வகை அச்சம்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து பொம்மைகளும் மின்சார ஃபியூஸ்களும் பல ஊர்களுக்குப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. அச்சூளைகளுள் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர், சிறுவயதில் நம்மிடம் ஓதியவர், சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் மனைவியோடும் நான்கு வயது மகனோடும் வந்தார். கையில் ஒரு கோப்பு. பெருநகரத்துச் சிகிச்சை நிலையம் ஒன்று அச்சிட்டுக் கொடுத்த வண்ணத்தாள்கள் அதில் இருந்தன. இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை எடுத்து முதுகுத்தண்டு வழியே செலுத்தினால் குழந்தை பேசும் என்பது அவற்றின் சாரம். செலவு சில லட்சம். வீடு கட்ட வாங்கிய மனையை விற்கத் துணிந்திருந்தார்கள்.

"எங்க குழந்தை டாக்டர் ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா மனசு நிம்மதியாயிடும் ஹஜ்ரத். நாங்க கேட்டா கோவிச்சுக்குவாரு. நீங்க கூட வந்தா கேட்பாரு" என்றார் அந்தத் தாய். இதற்கு முன் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம், பால் இல்லாத உணவு முறையைப் பற்றி இவர்கள் கேட்டபோது, அவர் அடுத்த நோயாளியை உள்ளே அழைத்துவிட்டாராம். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

நாம் உடன் சென்றோம். அந்த மருத்துவர் கோப்பை உடனே திறக்கவில்லை. "இப்ப வீட்டுல என்னென்ன குடுக்கறீங்க? எதைச் சொன்னாலும் கோவப்பட மாட்டேன்" என்று தாயிடம் கேட்டார். நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் உண்மை வெளிவந்தது. இரண்டு மாதமாகப் பாலும் தயிரும் கோதுமையும் நிறுத்தப்பட்டிருந்தன. யாரோ கொடுத்த ஒரு பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்துவந்தார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போவது நின்றுபோயிருந்தது. குழந்தையின் எடையும் குறைந்திருந்தது.

அன்று மருத்துவர் கூறியவற்றை நம் சொற்களில் தருகிறோம். பாலும் கோதுமையும் நீக்கும் உணவு முறை ஆட்டிசத்தை மாற்றும் என்று சிறு சிறு ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. வயிற்றுக்கு ஒவ்வாமை இருந்தால் அது தனிச் செய்தி, பரிசோதித்துப் பார்ப்போம். அப்படி இல்லையெனில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பறிக்க வேண்டாம் என்றார். பொடியை நிறுத்துங்கள், அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார். ஓதுவதற்கும் துஆவுக்கும் தமக்கு மறுப்பில்லை, நீரில் வேறெதுவும் கலக்காதிருந்தால் போதும் என்று நம்மைப் பார்த்துச் சிரித்தார். கோப்பைக் கடைசியாகத் திறந்து, "இதுக்கு மட்டும் என்னால சரின்னு சொல்ல முடியாது" என்றார்.

அந்த மறுப்புக்குக் காரணம் உண்டு. குருத்தணுச் சிகிச்சை சில ரத்த நோய்களுக்கு நிலைபெற்ற மருத்துவம். பிறவற்றுக்கு, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே அதனைக் கையாளலாம் என்று 2017-இல் வெளியான நம் நாட்டின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆராய்ச்சிக்கு உட்படும் குழந்தையிடம் லட்சம் லட்சமாகக் கட்டணம் வாங்குவது ஆராய்ச்சியாகாது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழுவும் ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று அறிவித்தது. வண்ணத்தாள்களில் இச்செய்திகள் எதுவும் காணப்படவில்லை.

பொடியைப் பற்றிய எச்சரிக்கையும் வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் செய்யப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு கூறியது. இதில் ஒரு விந்தை உண்டு. உடலிலுள்ள உலோக நஞ்சே ஆட்டிசத்துக்குக் காரணமென்று கூறி, அதனை வெளியேற்ற மருந்தேற்றும் சிகிச்சை ஒன்று மேலை நாடுகளில் பரவியிருந்தது. 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் அம்மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். ஒரு வீட்டில் உலோகத்தை உட்செலுத்துகிறார்கள், இன்னொரு வீட்டில் உலோகத்தை எடுக்கிறோமென்று உயிரை எடுக்கிறார்கள்.

வெளியே வந்ததும் தந்தை சொன்னார்: "டாக்டர் நம்ம பக்கம் இல்லையே ஹஜ்ரத்."

நாம் இக்கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஆதரவு வேறு, இசைவு வேறு. முக்கால் மணி நேரம் அமர்ந்து, மறைத்தவற்றையெல்லாம் சினமின்றிக் கேட்டு, எடை பார்த்து, அடுத்த மாதம் வாருங்கள் என்று தேதி எழுதிக் கொடுத்தவர் ஆதரவைத்தான் கொடுத்தார். அவர் மறுத்தது கையொப்பத்தை. முன்னர் அடுத்த நோயாளியை அழைத்த மருத்துவரும் இதே கருத்தைக் கொண்டவராய் இருந்திருக்கக்கூடும்; ஆனால் காரணம் கூறாமல் கதவைச் சாத்தினார். அவர் சாத்திய கதவின் வழியேதான் பொடிக்காரர் உள்ளே வந்தார். நோயாளிக் கூட்டத்தைக் காரணம் காட்டி நான்கு நிமிடத்தில் ஆட்டிசத்தைச் சொல்லியனுப்பும் மருத்துவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் ஐயத்துக்கும் நியாயம் இருக்கிறது. மருத்துவ உலகம் இவ்விஷயத்தில் தடுமாறாத உலகமன்று. 1943-இல் பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதற்கு வடிவம் கொடுத்தார். அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதினார்கள். எத்தனை தாய்மார் அக்கொடுஞ்சொல்லைச் சுமந்தார்களோ, இறைவனே அறிவான். அப்பழியைத் துடைக்கும் நூலை 1964-இல் எழுதியவர் பெர்னார்டு ரிம்லாண்டு. உளவியல் கற்றவர், தாமே இத்தகைய குழந்தைக்குத் தந்தை. அதே ரிம்லாண்டு பிற்காலத்தில் வைட்டமின்களையும், நிறுவப்படாத வேறு பல சிகிச்சைகளையும் ஆதரித்தார். தாயைக் காத்த கையே இதையும் செய்தது. ஆகவே, ஆள் நல்லவரா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது.

தடுப்பூசிக் கதையை வாசகர்கள் அறிவர். 1998-இல் லண்டனிலிருந்து 12 குழந்தைகளைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மை முதலியவற்றுக்கான முத்தடுப்பூசியின் மீது ஐயத்தை எழுப்பியது. 2002-இல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2010-இல் அவ்விதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் எழுதியவரின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் நம் மஹல்லாவில் அந்த ஐயம் இன்றும் உலவுகிறது.

இந்தத் தட்டம்மையைப் பெரியம்மையிலிருந்து பிரித்து விளக்கித் தனி நூல் எழுதியவர், ரே நகரத்து அபூபக்ர் அர்ராஸி. 925-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காமலும் பார்த்ததாக அவரது 'அல்ஹாவி' கூறுகிறது. குருதி வாங்குவது பயன் தரும் என்று அவர் கண்ட முடிவு இன்றைக்கு நில்லாது. செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்ட கேள்வி நிற்கிறது. அவருக்குப் பின் வந்த இப்னு கல்தூன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மார்க்கம் கற்பிக்க வந்தவர்களேயன்றி மருத்துவம் கற்பிக்க வந்தவர்களல்லர் என்று தம் 'முகத்திமா'வில் துணிந்து எழுதினார். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தால் அவனே பொறுப்பாளி என்பது நபிமொழி வழி வந்த சட்டம். கருஞ்சீரகமும் தேனும் விற்போர் இவற்றையும் சேர்த்து ஓதிக் காட்டினால் நன்று.

ராஸியின் கேள்வியை அந்தத் தந்தையிடம் அரபுப் பெயர்களோடு சொல்லிப் பயனில்லை. "தம்பி, சூளைக்குப் புது கிளேஸ் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டோம்.

"ரெண்டு துண்டுல பூசி வச்சுப் பார்ப்போம் ஹஜ்ரத். பழைய பூச்சுலயும் ரெண்டு பக்கத்துல வைப்போம்."

"அன்னிக்கே களிமண்ணையும் மாத்துவீங்களா?"

"மாத்தினா, விரிசல் விட்டது எதுனாலன்னு தெரியாதே" என்றவர், பேசுவதை நிறுத்திவிட்டார்.

குழந்தைகளிடம் இக்கேள்வி சூளையைவிடக் கடினமானது. ஏனெனில் குழந்தை தானாகவும் வளர்கிறது. செக்ரெட்டின் என்னும் குடற்சுரப்பு ஊசி ஆட்டிசத்தைத் தணிப்பதாக 1998-இல் அமெரிக்காவில் பெரும் பேச்சு எழுந்தது. மறு ஆண்டில் 60 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எதுவென்று பெற்றோர் அறியார். இரு சாராரிலும் சில குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. இம்முடிவைச் சொன்ன பின்பும் நூற்றுக்கு 69 பெற்றோர் அவ்வூசியில் தமக்கு விருப்பம் உண்டென்றார்களாம்! நாம் இதனை எள்ளலாகச் சொல்லவில்லை. ஒன்றும் செய்யாதிருப்பதைவிடப் பொய்யையேனும் செய்வது பெற்ற மனத்துக்கு எளிது.

ஆகவே பெற்றோருக்குச் செய்வதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பட்டம் பெற்ற நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள், குழந்தையின் பார்வை போகும் வழியே சென்று விளையாடவும் பேசவும் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையோடு இசைந்து போவது கூடியது. குழந்தை தானாகத் தொடர்பு தொடங்குவதும் கூடியது. ஆட்டிசம் நீங்கிற்று என்று அவர்கள் கூறவில்லை. நம் மருத்துவரும் அன்று தாய்க்குச் சொன்னது ஏறத்தாழ இதுவே. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வரும்படியும் எழுதிக் கொடுத்தார்.

தாய் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதிவருகிறார். எழுத்துப் பிழைகள் நிறைய, செய்திகள் தெளிவு. ரமலான் மாதத்தில் ஒரு நாள், 'கையைப் பிடித்து இழுத்தது மூன்று தடவை, விரல் நீட்டிக் காட்டியது ஒரு தடவை' என்றிருந்தது. பேச்சு இன்னும் வரவில்லை. மனை இன்னும் விற்கப்படவில்லை. உறவினர் இன்னும் அந்த வண்ணத்தாள்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பையனுக்கு இப்போது ஐந்து வயது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் 21 வகைகளுள் சேர்த்திருக்கிறது. சான்றிதழில் நூற்றுக்கு 40-க்குக் குறையாத அளவு குறிக்கப்பட்டால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவனது உரிமை. சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்க்க இம்முறையும் நம்மைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவர் எழுதிய கடிதத்தையும் தாயின் நோட்டையும் எடுத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை போகிறோம்.