சிறு நாட்டைப் பேணும் கலை

சின்னஞ்சிறு நாடொன்று பெருநாடுகளின் நடுவே அழியாது நிலைத்து, படிப்படியாக வளர்ந்து, பிறரால் மதிக்கப்படும் நிலையை எய்துவது எங்ஙனம்? இவ்வினா அரசியலறிஞர்க்கும் வரலாற்றாசிரியர்க்குமே உரியதென ஒரு காலத்திற் கருதப்பட்டது. இன்றோ பதினைந்து வயதுச் சிறுவனும் கணினியின் முன் அமர்ந்து இதற்கு விடை தேடுகின்றான். நம் கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பையும் வேறு சிலர்க்கு வருத்தத்தையும் தரலாம். எனினும், மாணவர் எதிலே மனத்தைச் செலுத்துகின்றனர் என அறியாத ஆசிரியன் அவர்க்கு எதனைத்தான் கற்பித்தல் கூடும்?

நான் கூறப்போகும் விளையாட்டின் பெயர் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ்’. 1993ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்திற் பலகை விளையாட்டாகத் தோன்றிய இதனைச் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 2000ஆம் ஆண்டளவிற் கணினிக்குக் கொண்டுவந்தது. ஐந்தாம் பதிப்பு 2025இல் வெளிவந்துவிட்டதாயினும், என் வீட்டில் ஆடப்படுவது 2013இல் வெளியான நான்காம் பதிப்பே. 1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி தொடங்கி 1821 வரை உலக வரலாறு நாள் நாளாக நகர்ந்து செல்லும். ஆடுவோன் ஏதேனும் ஒரு நாட்டைத் தெரிந்தெடுத்து, அதன் கருவூலம், படை, வாணிகம், நட்பு, பகை ஆகிய அனைத்தையும் தானே நடத்துதல் வேண்டும். ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு நிறம். நாடு வளர நிறம் பரவும். நாடு அழிய நிறம் மறையும்.

எம் இளமைக் காலத்தில் இத்தகைய விளையாட்டுக்களுக்கு இடமிருக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் எம் குடாநாட்டில் மின்சாரமே இருந்ததில்லை. குப்பி விளக்கின் ஒளியிற் பாடம் படித்து முடித்தபின், திண்ணையிற் கரித்துண்டாற் கோடு கீறி ஆடுபுலி ஆடுவோம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆட்டின் பின்னே வெற்றிடம் இருந்தாற் புலி தாவி வெட்டிவிடும். பின்னே இன்னோர் ஆடு நின்றாற் புலி ஒன்றுஞ் செய்யவியலாது. வலியவன் பாயும் ஆற்றலால் வெல்கின்றான். எளியவர் வெற்றிடம் விடாமையால் வெல்கின்றனர். மகன் கணினியில் நாடாள்வதை அருகிருந்து பார்க்கத் தொடங்கியபோது, கரிக்கோட்டிற் கற்ற அப்பாடமே பெரிய படத்தில் விரித்து வைக்கப்பட்டிருத்தலைக் கண்டேன்.

மகன் தெரிந்தெடுத்த நாடு போர்த்துக்கல். 1500ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் குடித்தொகை ஏறத்தாழப் பத்து இலட்சமே. ஒருபுறம் கடல், மற்றெல்லாப் புறமும் தன்னிலும் பன்மடங்கு பெரிய கஸ்தீலியா. இந்நிலையிலுள்ள நாட்டை வளர்ப்பதற்கு வேண்டிய அறிவு திருக்குறளின் பொருட்பாலிலேயே ஒழுங்குபடக் கிடக்கின்றது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். அவ்வொழுங்கிலேயே என் கருத்துக்களையும் கூறுவேன்.

முதலாவது, வலியறிதல். ஆட்டந் தொடங்கியதும் படையை நகர்த்துதல் கூடாது. மேற்கொள்ளும் செயலின் கடுமை, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், இருதிறத்தார்க்குந் துணைவருவோர் ஆற்றல் ஆகிய நான்கையும் எடைபோட்டபின்னரே ஒன்றைச் செய்தல் வேண்டும். இவ்விளையாட்டில் ஆட்சித்திறன், இராசதந்திரத்திறன், படைத்திறன் என மூவகை ஆற்றல்கள் திங்கள்தோறும் சிறிது சிறிதாகச் சேரும். அரசனும் அவன் அமர்த்தும் அமைச்சரும் எத்தகையோரோ அத்தகையதே அவற்றின் வரவு. ஆதலாற் சிறு நாட்டார்க்கு நான் கூறும் முதல் அறிவுரை இதுவே: கடன்பட்டுப் படை பெருக்காது, நல்ல அமைச்சரை அமர்த்துக. கடனுக்கு வட்டியுண்டு, அவ்வட்டி நாளைய வருவாயை இன்றே தின்றுவிடும்.

துணைவலியும் இதனுள் அடங்கும். வலிய அண்டை நாட்டோடு தனியே மோதுதல் அறிவுடைமையன்று. அந்நாட்டிற்குப் பகையாயும், நம் நிலத்தின்மேல் ஆசையற்றதாயும், சற்றுத் தொலைவிலுள்ளதாயும் அமைந்த பெருநாடொன்றைத் துணைக்கொள்ளல் வேண்டும். போர்த்துக்கேயர் செய்ததும் இதுவே. 1385இல் அல்சுபறோட்டா என்னுமிடத்திற் கஸ்தீலியரை வென்று தம் உரிமையைக் காத்த அவர்கள், வெற்றிக் களிப்பில் மயங்காது, அடுத்த ஆண்டே இங்கிலாந்துடன் வின்சர் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். விளையாட்டிலும் அந்நட்பு தொடக்கத்திலேயே அமைந்துள்ளது. ஆட்டின் பின்னே நின்ற இன்னோர் ஆடு அது.

இரண்டாவது, காலமறிதல். பெரிய நாடுகளுக்கும் முடைபடும் நாட்கள் உண்டு. வாரிசுப் பிணக்கு, உட்கலகம், வேறோர் எல்லையிற் போர் என்பன வந்துறும் வேளையிற் சிறியவன் தன் கருமத்தை முடித்துக்கொள்ளலாம். அவ்வேளை வருமட்டும் காத்திருத்தலே அரிது. பொறுமையின்றிப் பொருந்திய காரணமுமின்றிப் போர் தொடுப்பவனது நாட்டில் உறுதி குலையும். செய்துகொண்ட போர்நிறுத்தத்தை முறிப்பவனை எவரும் நம்பார். ஆடத் தெரியாதவன் விரைவாக ஓடும் காலத்தை மேலும் விரைவாக ஓட்டுவான்; ஆடத் தெரிந்தவன் அடிக்கடி நிறுத்திப் பார்ப்பான்.

மூன்றாவது, இடனறிதல். பரந்த நிலத்தினுஞ் சிறந்தது பொருந்திய இடம். இவ்விளையாட்டில் வாணிகம் ஆற்றுநீர்போல ஒரு திசை நோக்கி ஓடும். அதன் வாய்க்கால் ஒடுங்கும் இடங்களைக் கைக்கொள்பவனுக்கு அதிற் பெரும்பங்கு கிடைக்கும். போர்த்துக்கேயர் கஸ்தீலியாவின் வயல்களை நோக்காது கடலை நோக்கினர். 1415இற் சியூற்றாத் துறையைப் பிடித்தனர். 1488இல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றினர். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தான். அதன்பின் 1510இற் கோவாவும், 1511இல் மலாக்காவும், 1515இல் ஓர்மூசும் அவர் வசமாயின. மூன்றுந் துறைமுகங்களே, ஆயினும் அவை கடல்வழியின் திறவுகோல்கள். பத்து இலட்சம் மக்களால் ஒரு கண்டத்தை ஆள இயலாது. ஒரு வழியை ஆள இயலும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையுஞ் சேர்ப்பேன். அது செரித்தல். ஒரே போரிற் பல மாகாணங்களை விழுங்குபவனுக்கு அவை செரியா. கலகம் எழும், வருவாய் குன்றும், அச்சங்கொண்ட அயல்நாடுகள் ஒன்றுகூடி எதிர்க்கும். ஒன்றிரண்டை எடுத்து, அவை தன்னோடு பொருந்தும்வரை அமைந்திருத்தலே முறை. இதனை மறந்தாலென்ன ஆகும் என்பதற்கும் போர்த்துக்கலே சான்று. 1578இல் இருபத்துநான்கு வயதும் பிள்ளைப்பேறில்லாத நிலையுமுடைய அரசன் செபஸ்தியான் மொறொக்கோவின்மீது தானே படைநடத்திச் சென்று, அல்காசர்கிபிர்ப் போர்க்களத்தில் மாண்டான். இரண்டாண்டுகளின் பின், 1580இல், அந்நாட்டின் முடி ஸ்பானிய அரசன் இரண்டாம் பிலிப்பின் தலைக்குச் சென்றது. அதனை மீட்க 1640 வரை காத்திருக்க நேர்ந்தது. இருநூறு ஆண்டு வலியறிந்து வளர்ந்த நாடு ஒருநாள் வலியறியாமையால் வீழ்ந்தது.

நிலத்தைப் போராற் பறிப்பதிலும் எளிய வழியொன்று இவ்விளையாட்டில் உண்டு. சிற்றரசொன்றை முதலில் அடிப்படுத்தித் திறைசெலுத்தும் அரசாக வைத்துக்கொள்ளல் வேண்டும். அதன் அரசன் அரியணையிலேயே இருப்பான், நிறமும் மாறாது. பத்தாண்டு சென்றபின், இராசதந்திரத்தால் அதனை ஓசையின்றித் தன் நாட்டோடு இணைத்துக்கொள்ளலாம். கலகம் குறைவு, அயலார் அச்சமுங் குறைவு. தேர்ந்த ஆட்டக்காரர் யாவரும் சிறு நாட்டை வளர்ப்போர்க்குப் பரிந்துரைக்கும் முறை இது. என் மகனும் இதனை நன்கு கற்றிருந்தான். இந்துமாகடற் கரையிலிருந்த சிற்றரசொன்றை இவ்வாறு அடிப்படுத்தி, “அப்பா, இனிப் பத்து வருஷம் பொறுத்தாற் போதும்” என்று மகிழ்வோடு கூறினான்.

அவ்வேளையில் நான் அவனுக்கு 1591ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னேன்.

அந்த ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோ யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து வென்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தினான். அரசன் நல்லூரிலேயே இருந்தான். ஆட்சி நடந்தது. கண்டிக்குச் செல்லும் துணைகளுக்கு அவன் மறைவாக வழிவிடுகின்றானெனப் போர்த்துக்கேயர் ஐயுற்றபோதும் அவனை அகற்றவில்லை. பொறுத்திருந்தனர். 1617இல் அவன் இறக்க, வாரிசுப் பிணக்கினூடே சங்கிலி குமாரன் ஆட்சியைக் கைப்பற்றினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேறா வந்து அரசை முற்றாகக் கைக்கொண்டான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டான். பின்னர்த் தஞ்சை நாயக்கர் அனுப்பிய படையும் இழந்ததை மீட்கவில்லை. அடிப்படுத்தியது 1591, இணைத்துக்கொண்டது 1619. இருபத்தெட்டு ஆண்டுகள். விளையாட்டு விதிக்கும் பத்தாண்டினும் அவர்கள் மிகுந்த பொறுமையுடையோராயிருந்தனர்.

கோட்டை அரசின் கதையோ இன்னும் ஓசையற்றது. அண்டைப் பகைக்கு அஞ்சிப் போர்த்துக்கேயரைத் துணைக்கொண்ட அவ்வரசின் மன்னன் தர்மபாலன், 1580இல் தன் நாட்டை அவர்களுக்கே உரிமையாக்கி உறுதி எழுதினான். 1597இல் அவன் கண்மூட, நாடு கைமாறியது. துணை வேறு, உடையவன் வேறு என்னும் வேற்றுமை அவ்வுறுதியோடு அழிந்தது.

ஆகவே, சிறிய போர்த்துக்கல் பெரியதாவதற்கு உதவிய ஒவ்வொரு விதியும் அதனினுஞ் சிறிய ஓரரசு மறைவதற்கும் உதவியது. மன்னாரை 1560இல் இழந்தபோது யாழ்ப்பாணம் முத்துக்குளிப்பையும் கடல்வழியின் திறவுகோலையும் இழந்தது. இடனறிதல் என நான் மேலே புகழ்ந்தது இதனையே. திறவுகோல் வேறொருவன் கைக்குச் சென்றமையே வேற்றுமை. படத்தின் ஒருமுனையில் இருந்து நோக்குவோனுக்குச் சூழ்ச்சித்திறம். மறுமுனையில் இருந்து நோக்குவோனுக்கு ஒரு குடியின் முடிவு. வெற்றி பெற்றவரும் நெடுங்காலம் நிலைத்தாரல்லர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று.

இதனாற் பிள்ளைகளிடமிருந்து இவ்விளையாட்டைப் பறித்தல் வேண்டும் என்பது என் கருத்தன்று. வரலாற்றுப் பாடநூலில் ஆண்டுகளை மனனஞ்செய்து மறுநாள் மறக்கும் மாணவன், ஆட்டத்திலே கடன், கூட்டு, வாணிகம், வாரிசு என்பன ஒன்றையொன்று தாங்கும் வகையைத் தானே காண்கின்றான். “ஏன்?” என்று கேட்கவும் பழகுகின்றான். ஆசிரியர்க்கு அதனினும் வேண்டுவது யாது? நாம் செய்யவேண்டியது அவ்வினாவை இன்னும் ஒருபடி நடத்திச் செல்லுதலே. ஒரு முறையேனும் படத்தின் மறுமுனையிலுள்ள நாட்டைத் தெரிந்தெடுத்து ஆடும்படி சொல்லுங்கள். பெரியோன் பொறுமையாகக் காத்திருக்கும் அந்தப் பத்தாண்டும் அடிப்பட்டவனுக்கு எத்தகையதென அறியட்டும்.

விளையாட்டின் கணக்கிற்கு எட்டாத ஒன்றும் உண்டு. நல்லூர் அரசகுடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி வடமொழி இரகுவமிசத்தைத் தமிழிற் பாடினார். அவ்வரசு போயிற்று, அரண்மனை போயிற்று, ஆலயம் இடிக்கப்பட்டது. நூல் இன்றும் நம் கையில் உள்ளது. மாகாணத்தின் விளைவையும் வரியையும் எண்ணும் கணினி, அங்கே பாடப்பட்டதை எண்ணுவதில்லை. சிறு நாட்டைப் பேணும் கலையை முற்றக் கூறுவதாயின், நிலம் கைமாறிய பின்னும் கைமாறாதிருப்பவற்றைத் தேடிச் சேர்த்தலையும் அதனுள் அடக்கல் வேண்டும். தமிழ் கற்பிப்போர்க்கும் கல்லூரிகளை நிறுவிக் காப்போர்க்கும் அப்பணியில் ஒரு பங்குண்டு.

என் மகன் அந்தப் பத்தாண்டு முடிந்தபின்னும் அச்சிற்றரசை இணைத்துக்கொள்ளவில்லை. அதனால் அவனுக்கு இழப்பு உண்டு. நாடொன்று இத்தனை நாடுகளோடுதான் இடரின்றி உறவு வைத்துக்கொள்ளலாம் என்னும் வரம்பில் ஓரிடத்தை அது பிடித்துக்கொள்கின்றது. அந்த அளவிற்கு ஒரு பெருநாட்டின் நட்பை அவன் விட்டுக்கொடுத்தல் வேண்டும். எனினும் அந்நாடு தன் பழைய நிறத்தோடே கடற்கரையில் இருக்கின்றது. நான் ஏன் என்று கேட்கவில்லை, அவனுஞ் சொல்லவில்லை.