அந்த அரைப் பாயின்ட்!

நீங்க செஸ் ஆடுறவரா? அப்படின்னா உங்க மனசுலயும் ஏதாவது ஒரு 'டிரா' முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கும். என்னோடதைச் சொல்றேன், கேளுங்க.

இன்டர் காலேஜ் கடைசி ரவுண்டு. நாலு போர்டுல மூணு முடிஞ்சு ஒன்றரைக்கு ஒன்றரை. மிச்சம் நான் மட்டும்தான். ஜெயிச்சாதான் கப். மொத்த டீமும் சுத்தி நின்னு பார்க்குது. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு யானை. எனக்கு ரெண்டு சிப்பாய், அவனுக்கு ஒண்ணு. என் கடிகாரத்துல 2 நிமிஷம். கை நடுங்குது. "டிரா?"னு அவன் கேட்டதும் பட்டுனு கை கொடுத்துட்டேன்.

ரிட்டர்ன் பஸ்ல கேப்டன் அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. "கையில இருந்த கேமை விட்டுட்டான்"னு மத்தவங்ககிட்ட சொன்னது மட்டும் காதுல விழுந்தது.

ரெண்டு மாசம் அந்த ஸ்கோர்ஷீட்டைப் பிரிக்கவே பயம். ஒரு ராத்திரி தூக்கம் வராம கம்ப்யூட்டர்ல போட்டேன். ராஜாக்களையும் சேர்த்து போர்டுல மொத்தம் 7 காய். அதுவரைக்கும் உள்ள பொசிஷனுக்கெல்லாம் என்ஜின் மூளையைக் கசக்கவே வேண்டாம். சிசிஜி 'டேபிள்பேஸ்' 2018-லேயே 7 காய் வரை கணக்குப் போட்டு வெச்சாச்சு. அது யூகம் இல்லைங்க, தீர்ப்பு!

தீர்ப்பு என்ன? வெற்றி! அண்ணன் சொன்னது சரி. வயித்தைப் பிசைஞ்சது. ஆனா, லிஸ்ட்டைக் கீழே இழுத்தா... ஜெயிக்கிற மூவ் ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் டிரா, சிலது தோல்வி. அந்த ஒண்ணும் சிப்பாயைத் தள்ளுறது இல்லை. ராஜாவை ஒரு கட்டம் பின்னாடி இழுக்கணும்! யாருக்குத் தோணும்? 2 நிமிஷம் வெச்சு அதே பொசிஷனை ஸ்டாக்ஃபிஷ்கூட ஆடினேன். பத்து தடவை. பத்தும் டிரா. இத்தனைக்கும் முதல் மூவ் தெரிஞ்ச பிறகு!

நான் கத்துக்குட்டி, விடுங்க. 2018 நவம்பர், லண்டன். உலக சாம்பியன்ஷிப் 6-வது கேம். கார்ல்சன் வெள்ளை, கருவானா கறுப்பு. 80 மூவ் ஆடி டிரா. 68-வது மூவ்ல பிஷப்பை எச்4-ல வெச்சிருந்தா கருவானாவுக்கு வெற்றினு 'செஸ்ஸே'ங்கிற சூப்பர் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சது. அதுக்கு அவர் தன் குதிரையைத் தானே ஜி1-ல கொண்டுபோய் அடைக்கணும். அப்படி ஆடியிருந்தா உடனே மெட்டல் டிடெக்டர் கேட்டிருப்பாங்கனு காஸ்பரோவ் ட்விட்டர்ல கலாய்ச்சார். அந்த மேட்ச்ல 12 கேமும் டிரா. அப்புறம் ரேபிட்ல கார்ல்சன் பட்டத்தைத் தக்கவெச்சுக்கிட்டார். கருவானா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா?

மறுநாள் அண்ணன் ரூமுக்கு லேப்டாப்போட போனேன். ஒண்ணும் பேசாம பொசிஷனை வெச்சு, 2 நிமிஷத்தை ஓட விட்டேன். முறைச்சார். உட்கார்ந்தார். முதல் தடவை டிரா. ரெண்டாவது டிரா. மூணாவதும் டிரா. நாலாவது தடவை... ஜெயிச்சிட்டார் மனுஷன்!

"பார்த்தியாடா?"னு திரும்பினார்.

ரெண்டு மாசத்துல அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான்.