மூடியில் கற்ற பாடம்

இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் எனக்குச் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமையன்று மாணவியாகும் வாய்ப்புக் கிட்டியது. எங்கள் தேவாலய மாதர் சங்கத்தினர் விற்பனை நாளுக்காக அன்னாசி ஜாம் காய்ச்சினர். எனக்குக் கற்பித்தவர், தோட்டப்புறத்தில் வளர்ந்து, இரண்டாம் ஆண்டோடு பள்ளியை விட்ட மூதாட்டி.

போத்தல்களைக் கொதிநீரில் இட்டெடுத்து, சுடச்சுட ஜாமை ஊற்றி, மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். பிறகு நீரில் முழுதும் அமிழ்த்தி 10 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். ஆறியதும் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தால் காற்றுப் புகாது. அன்னாசி புளிப்புடையது என்பதால் இம்முறை போதும். புளிப்பற்ற காய்கறிகளுக்கு இது பாதுகாப்பன்று.

ஒரே ஐயத்தை நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் முதன்முறை போலவே விளக்கினார். மறுநாள் ஆராதனை முடிந்து பார்த்தால், நான் மூடிய ஆறில் இரண்டு உள்வாங்கவில்லை. விளிம்பைச் சரியாகத் துடைக்கவில்லை. வெட்கத்தோடு நின்றேன்.

"அதனால என்ன டீச்சர்? புது மூடி போட்டு மறுபடியும் கொதிக்க வைங்க. கை பழகணும்."

அவ்வாரம் என் வகுப்பில் ஒரு சிறுவன் கழித்தல் கணக்கை மூன்றாம் முறையாகக் கேட்டான். "எத்தனை முறை சொல்வது?" என்று கடிந்திருந்தேன். அதன்பின் அவன் கேட்கவே இல்லை.

திங்களன்று அவனை அருகில் அமர்த்தி, குச்சிகளை எண்ணச் செய்து, முதலிலிருந்து தொடங்கினேன். தயங்கித் தயங்கி நான்காம் முறை கேட்டான். சொன்னேன்.