கொட்டக் கூடாத தண்ணீர்

பதுளை நகரத்து வளர்ப்பு மீன் கடைகளுக்குத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: நேற்று இரவு வரை ஓடித் திரிந்த மீன், காலையில் பார்த்தால் மிதக்கிறது. அதற்குள் வீட்டில் நடந்து முடிந்திருப்பதும் ஒரே மாதிரிதான். தண்ணீரை வாசலில் கொட்டி, தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கூழாங்கற்களை வெயிலில் காயவைத்துவிட்டு, மருந்துக்கும் புது மீனுக்கும் காசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். வலை, உறிஞ்சு குழாய், பொலித்தீன் பை, ஒட்சிசன் சிலிண்டர் என்று நாள் முழுக்க ஈரக் கையோடு நிற்கும் கடைப் பணியாளர்களின் வேலையைக் கவனிக்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. மீனைப் பிடித்துப் பையில் போடுவதைப் பழகிக்கொள்ளலாம். செத்த மீனைப் பற்றிச் சரியான கேள்வி கேட்பதே இந்தத் தொழிலின் கடினமான நுட்பம். ‘திடீர்’ சாவு என்று நாம் சொல்வதன் காரணம் அநேகமாகப் பல நாட்களாகத் தண்ணீரில் சேர்ந்துகொண்டே வந்திருக்கும். ஆகவே விசாரணை தண்ணீரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். வாசலில் கொட்டப்பட்டது அந்தக் கதைதான்.

ஊவா மலைகளில் மீன்கள் இப்படிச் சாவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. வளர்ப்பு மீன் பண்ணைகள் பெரும்பாலும் மேல் மாகாணத்தைச் சுற்றிய வெப்பமான தாழ்நிலத்தில் இருக்கின்றன. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீற்றர். 100 மீற்றர் ஏறினால் சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், பதுளைக் கடையில் வாங்கிய மீன் அப்புத்தளை லயத்துக்குப் போய்ச் சேரும்போது சுமார் 5 பாகை குளிர்ந்த காற்றுக்குள் போகிறது. மார்கழி, தை மாத இரவுகளில், சூடாக்கி இல்லாத தொட்டியில், பைட்டருக்கும் கப்பிக்கும் அது தாங்க முடியாத இறக்கம், தங்கமீன் தாங்கும். பயணமும் ஒரு சுமைதான். பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்குகிறது. அந்த அமிலம், மீனின் கழிவான அமோனியாவை விஷம் குறைந்த வடிவில் கட்டிப்போட்டிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி அமிலம் குறைய, கட்டு அவிழ்கிறது. திறந்த பையை வெகுநேரம் வைத்திருப்பது பரிவாகத் தோன்றும்; நீண்ட பயணம் செய்த மீனுக்கு அதுவே ஆபத்து.

இதைவிட ஆழமான காரணம் மலைநீரின் இயல்பிலேயே இருக்கிறது. தோட்டத்துப் பீலிகளில் வரும் ஊற்றுநீரும் ஓடைநீரும் பொதுவாக மென்னீர். அதில் கரைந்த சுண்ணாம்புச் சத்து குறைவு. தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெறவே 4 முதல் 6 வாரங்கள் ஆகும்; குளிரில் இன்னும் தாமதமாகும். அவற்றின் வேலைக்கு விலையும் உண்டு. 1 மில்லிகிராம் அமோனியா நைதரசன் மாறும்போது, சுமார் 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். பி.எச். அளவு இறங்கி 6ஐ நெருங்கும்போது அந்த நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன, அமோனியா குவிகிறது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் இவ்வளவும் நடக்கிறது. தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிய பாடமில்லை. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். உள்ள மண் ஒத்துவரும்; வருடக்கணக்கில் உரம் போடப் போட மண் அதற்கும் கீழே அமிலமாகும் என்பதால்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைற் போடுகிறார்கள். நிலத்துக்கு நாம் செய்யும் அந்தக் கணக்கைத் தொட்டிக்கு யாரும் செய்வதில்லை.

“தண்ணியை மாத்தி, சுத்தம் பண்ணித்தானே வச்சேன், அப்புறமும் ஏன் செத்துச்சு?” என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் சுமார் 0.6 வீதம் மட்டுமே கொல்லும் வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 வீதத்தைத் தாண்டும். அமிலமாகிப்போன பழைய தொட்டியில் நிறைய அமோனியா கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு கசியும் புதுச் சீமெந்துத் தொட்டித் தண்ணீரை ஊற்றினால், எஞ்சிய அமோனியாவில் விஷப் பங்கு பல மடங்காகிவிடும். வளர்த்தவரின் அக்கறையே மீனைக் கொன்றது போலத் தெரிகிறது; உண்மையில் கொன்றது கவனிக்கப்படாத முந்தைய மாதங்கள். ஊவாவில் சில இடங்களில் சுண்ணக்கல் பட்டைகள் ஓடுவதால் அங்கே ஊற்றுநீர் கடினமாகவும் இருக்கும். எந்தப் பீலித் தண்ணீர் என்று கேட்காமல் மருந்து கொடுப்பது, எந்த மலை என்று கேட்காமல் உரம் அளப்பதைப் போன்றது.

ஆகவே கேள்விகளுக்கு ஒரு வரிசை வேண்டும் என்கிறேன். எப்போது செத்தது, எத்தனை செத்தன, எந்த ஒழுங்கில்? புதுத் தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் துடித்துச் செத்தால் குளோரீன், வெப்ப அதிர்ச்சி, வெளி நஞ்சு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நகரக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தாலே குளோரீன் பெரும்பாலும் போய்விடும். விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் சாகின்றன என்றால் ஒட்சிசன் தட்டுப்பாடு. இரவில் தாவரங்களும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறி, மீனின் பூக்கள் (செவுள்கள்) கபில நிறமாகியிருந்தால் நைத்திரைற்று. பல நாட்களில் ஒவ்வொன்றாகப் போனால் அமோனியாவையோ தொற்றையோ பார்க்க வேண்டும். தோட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: அண்மையில் மலையில் மருந்து அடித்தார்களா, பிறகு மழை பெய்ததா? 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் வந்த பிறகு செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகள் வழக்கமாயின. செப்பு மீன்களுக்கு நஞ்சு. மென்னீரில் அந்த நஞ்சு இன்னும் கடுமையாகும்.

நோயே இல்லையா, கடையிலிருந்தே நோயோடு வரும் மீன் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வெண்புள்ளி நோய் ஒரு ஒட்டுண்ணியால் வருவது. கடைக்கும் அதில் பொறுப்புண்டு, புது மீனை இரண்டு வாரமாவது தனியே வைப்பது அவசியம். ஆனால் வெப்பம் சட்டென இறங்கிய தொட்டியில்தான் அது பரவிப் பெருகுவதை அதிகம் காண்கிறோம். 1980களின் இறுதியில் இலங்கையின் நன்னீர் மீன்களைப் புண்ணாக்கிய கொள்ளைநோய்க்குப் பின்னாலும் ஒரு நீர்ப்பூஞ்சை இருந்தது. குளிர்ந்த, அமிலமான நீர் மீனின் தோலைப் பலவீனப்படுத்தி அதற்கு வழிவிடும் என்பதைப் பிற நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயை ஒப்புக்கொள்வதால் தண்ணீரைப் பற்றிய கேள்வி விலகிவிடாது. ஆனால் காரணம் தெரியாமல் மருந்து ஊற்றினால் தீங்கு வரும்: சில மருந்துகள் கழிவை மாற்றும் நுண்ணுயிர்களையும் கொன்று, அடுத்த மீனின் சாவுக்கு இப்போதே நாள் குறிக்கின்றன. பரிசோதனைப் பெட்டி வாங்க வசதியில்லை என்ற மறுப்பு நியாயமானது. அதற்குப் பதிலாக ஒரு பயிற்சிக் கொப்பி போதும்: தண்ணீர் எங்கிருந்து, எந்த நாள், எவ்வளவு மாற்றியது, எவ்வளவு தீனி, எந்த நாள் எது செத்தது. கொழுந்து நிறுவைக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த சமூகத்துக்கு இது பாரமாக இராது.

குடிநீருக்கே அல்லாடும் லயங்களில் தொட்டி மீனைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று கேட்பவருக்கு நான் மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். மீன் வாழ்வதால் தண்ணீர் குடிக்க நல்லது என்று ஆகாது. மலக்கிருமி கலந்த நீரிலும் மீன் நன்றாக நீந்தும். மீன் செத்ததால் தண்ணீர் மனிதருக்கு நஞ்சு என்றும் ஆகாது; நாம் குடிக்கும் நீரிலுள்ள அளவு குளோரீனே மீனைக் கொல்லப் போதும். மீனைக் குடிநீர்ப் பரிசோதகராக ஆக்க நான் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே ஊறி, எந்த மலை வழியாக வந்து, எந்தத் தொட்டியில் தேங்கி நம் கைக்கு வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்கப் பழகுவதற்கு, அது நேசித்த ஒரு மீனின் சாவைவிட வலுவான காரணம் கிடைப்பது அரிது. அந்தப் பழக்கம் பிறகு குடிநீருக்கும் உதவும். அறிவைத் தேடித் தொலைவு போகவும் வேண்டாம்: பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள், பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அவர்களுடைய அறிவும் கடைப் பணியாளரின் கைப்பழக்கமும் சந்திப்பதற்குக் கடையில் ஒரு வழக்கம் வந்தால் போதும். மீன் செத்தது என்று வருகிறவரிடம் மருந்துப் போத்தலை நீட்டுமுன், இரண்டு வெறும் போத்தல்களைக் கொடுத்தனுப்ப வேண்டும்: ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் பீலித் தண்ணீர். செத்த மீனை உறைய வைக்காமல் ஐஸில் வைத்து அன்றே கொண்டுவரச் சொல்ல வேண்டும்; சில மணி நேரம் தண்ணீரில் ஊறிய உடம்பில் படிக்க அதிகம் மிஞ்சாது. தொட்டியை அதுவரை யாரும் கழுவக் கூடாது.