'அறியேன்' என்னும் விடை

வினாடி வினா என்றால் நம் மக்களுக்குத் தனி விருப்பம் உண்டு. பங்குத் திருவிழாவானாலும் மறைக்கல்வி ஆண்டு விழாவானாலும் விவிலிய வினாடி வினா இல்லாமல் நிகழ்ச்சி நிறைவு பெறுவதில்லை. யோவான் நற்செய்தியில் எத்தனை அதிகாரங்கள் என்று கேட்டு முடிப்பதற்குள், முன் வரிசையிலுள்ள சிறுமி 'இருபத்தொன்று' என்று எழுந்து நின்றுவிடுவாள். இத்தகைய போட்டிகளுக்கு வினாத்தாள் எழுதித் தரும் பணி பல ஆண்டுகளாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தினால்தான், சமயங்களைப் பற்றிய பொது அறிவுத் தேர்வு ஒன்றில் இஸ்லாம் குறித்த பகுதியை எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டபோது உடனே இசைந்தோம்.

வினாக்கள் எளிதாகவே அமைந்தன. திருக்குர்ஆனில் அத்தியாயங்கள் எத்தனை? 114. அவற்றுள் அன்னை மரியாவின் பெயரைத் தாங்கியது எது? 19ஆம் அத்தியாயம். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு எந்நிகழ்ச்சியை முதலாகக் கொண்டது? நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த 622ஆம் ஆண்டு நிகழ்ச்சியை. சுன்னி முஸ்லிம்கள் பின்பற்றும் நான்கு சட்ட மரபுகள் யாவை? ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி. விடைகளையும் எழுதி முடித்தபின் நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. இவை அனைத்துக்கும் சரியாக விடை எழுதிய ஒருவர் இஸ்லாத்தை அறிந்தவர் ஆவாரா? அந்தச் சமயத்தார் தம் அறிஞர்களை எவ்வாறு சோதித்தறிந்தனர்? அதைத் தேடிப் படிக்கலானோம்.

நமக்கு முதலில் கிடைத்தது முஆத் பின் ஜபல் என்னும் தோழரின் வரலாறு. அவரை யெமன் நாட்டுக்கு அனுப்பும்போது, வழக்குகளை எதைக் கொண்டு தீர்ப்பாய் என்று நபிகள் நாயகம் வினவினார். இறைவனின் வேதத்தைக் கொண்டு என்றார் முஆத். அதில் காணாவிட்டால்? இறைத்தூதரின் வழிமுறையைக் கொண்டு. அதிலும் காணாவிட்டால்? என் அறிவைக் கொண்டு முயன்று தீர்ப்பேன். அவ்விடையில் நபிகள் மகிழ்ந்தார் என்பது செய்தி. இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் குறை காண்போரும் உண்டு. ஆயினும் சட்ட அறிஞர்கள் இதைப் பன்முறை எடுத்தாண்டிருக்கின்றனர். வேதம், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த கருத்து, ஒப்புநோக்கித் தெளிதல் என்று சட்டத்தின் மூலங்களைச் சுன்னி அறிஞர்கள் பிற்காலத்தில் வரிசைப்படுத்தினர். முஆதிடம் கேட்கப்பட்ட வினா மனப்பாடத்தைச் சோதிக்கவில்லை. ஏட்டில் விடை இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதையே சோதித்தது.

அடுத்தது இமாம் புகாரியின் வரலாறு. 810ஆம் ஆண்டில் புகாரா நகரில் பிறந்த இவர் பக்தாதுக்கு வந்தபோது, அந்நகர அறிஞர்கள் அவரைச் சோதிக்க விரும்பினர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நூறு நபிமொழிகளை எடுத்து, ஒன்றன் செய்தியோடு வேறொன்றன் அறிவிப்பாளர் தொடரை மாற்றி இணைத்தனர். பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக அவற்றை அவைமுன் கூறினர். ஒவ்வொன்றுக்கும் புகாரி அளித்த விடை 'இதை நான் அறியேன்' என்பதே. அவையில் விவரம் அறியாதோர், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கருதினர். அறிந்தோர் ஒருவரை ஒருவர் நோக்கினர். நூறும் முடிந்தபின் அவர் முதலாமவரை அழைத்து, நீர் கூறியது இது, சரியானது இது என்று தொடங்கி நூறையும் வரிசை பிறழாமல் திருத்தினாராம். இந்நிகழ்ச்சியை நினைவாற்றலின் அருஞ்செயலாகப் பலர் போற்றுவர். பொய்யாகப் பிணைத்த ஒன்றுக்கு 'அறியேன்' என்பதே உண்மையான விடை என்பதில்தான் நம் கருத்து நிலைத்தது.

ஆயிரத்தோர் இரவுகளிலும் இத்தகைய தேர்வு ஒன்று உண்டு. தவத்துத் என்னும் அடிமைப் பெண்ணைக் கலீபா ஹாரூன் அல்-ரஷீதின் அவையில் சட்டம், வேதம், மருத்துவம், வானியல் ஆகிய துறைகளின் வல்லுநர்கள் வரிசையாக வினவுகின்றனர். அவள் எல்லாவற்றுக்கும் விடை கூறி, இறுதியில் அவர்களையே வினவி வெல்கிறாள். இக்கதை ஸ்பெயின் நாட்டை அடைந்து, அங்கே தெயோதோர் என்னும் கன்னியின் கதையாகக் கிறிஸ்தவக் கோலம் பூண்டது. பின்னர்க் கடல் கடந்து பிரேசில் மக்களின் சிறு பிரசுரங்களிலும் இடம் பெற்றது. எல்லாம் அறிந்தவளைக் கதை போற்றுகிறது. வாழ்க்கையிலோ வேறொரு பண்பே போற்றப்பட்டது. 795ஆம் ஆண்டில் மதீனாவில் மறைந்த இமாம் மாலிக், ஒரு சட்ட மரபுக்கே பெயர் தந்தவர். தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களில் பலவற்றுக்கு 'அறியேன்' என்று கூறத் தயங்காதவர் என்றே அவர் நினைக்கப்படுகிறார். இன்றும் முஃப்திகள் தாம் அளிக்கும் மார்க்க விளக்கத்தின் முடிவில், இறைவனே நன்கறிந்தவன் என்ற கருத்துள்ள அரபுத் தொடரை எழுதி முடிக்கும் வழக்கம் உண்டு.

இவற்றைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் வினாத்தாளைக் காட்டினோம். நிதானமாகப் படித்தார். மொழி பற்றிய பகுதியைக் கண்டதும் முகம் மலர்ந்து, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழைப் பற்றிக் கூறினார். தம் பாட்டி அவ்வெழுத்தில்தான் கடிதம் எழுதுவார் என்றார். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என்று அவர் வாயில் வந்த சொற்களெல்லாம் தமிழாகவே இருந்தன. இஸ்லாமியரின் மொழி அரபு என்று நம்மிற் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகிய நான்கில் ஒவ்வொன்றிலும் வாழும் முஸ்லிம்கள், எந்தவோர் அரபு நாட்டு முஸ்லிம்களையும்விட எண்ணிக்கையில் மிகுதி என்பதை மறந்துவிடுகிறோம். சொத்துப் பங்கீடு பற்றிய ஒரு வினாவில் மட்டும் பெரியவர் விரலை வைத்து, "இது எனக்குச் சரியாத் தெரியாதுங்க. ஆலிம்சாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார். தம் சொந்தச் சமயத்தைப் பற்றிய வினாவுக்கு அவ்வளவு எளிமையாக அவ்விடை வந்தது.

அதே வாரத்தில் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நாம் கேட்ட பேச்சுகளை எண்ணிப் பார்த்தோம். ஃபத்வா என்றாலே கொலைத் தீர்ப்பு என்றார் ஒருவர். அது கேட்ட வினாவுக்கு ஓர் அறிஞர் தரும் விளக்கம்; நோன்பைப் பற்றியும் இருக்கலாம், கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் இருக்கலாம். ஷரீஅத் என்பது ஒரே சட்டப் புத்தகம் என்றார் வேறொருவர். நான்கு மரபுகளும் தமக்குள் வேறுபடும் இடங்கள் பல. அல்லாஹ் என்பது முஸ்லிம்களின் கடவுளுக்கு மட்டும் உரிய பெயர் என்றார் மூன்றாமவர். லெபனானிலும் எகிப்திலும் அரபு மொழியில் திருப்பலி காணும் கிறிஸ்தவர்கள் இறைவனை அப்பெயரால்தான் அழைக்கின்றனர். பேசிய மூவரில் எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. அருகில் நின்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தனர். நாளை அவர்கள் வகுப்பில் தம் பக்கத்தில் அமரும் தோழனை இந்தப் பேச்சின் வழியாகத்தானே பார்ப்பார்கள்? பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையை வழக்கு மன்றத்துக்கு மட்டும் உரியதாக எண்ணுகிறோம். அண்டை வீட்டாரின் நம்பிக்கையைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதும் அவருக்கு எதிரான சான்றுதான்.

ஆகவே வினாத்தாளில் ஒரு மாற்றம் செய்தோம். சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண். 'அறியேன்' என்று எழுதினால் ஒன்று. தவறான விடைக்கு ஒன்று குறைக்கப்படும். அறியாதவனுக்கு மதிப்பெண்ணா என்று பெற்றோர் சிலர் கேட்டனர். கேட்கட்டும் என்றே விட்டோம். தேர்வு முடிந்தபின் ஒவ்வொருவரும் தாம் 'அறியேன்' என்று எழுதிய வினாக்களை ஒரு தாளில் படியெடுத்துச் செல்ல வேண்டும். தமக்குத் தெரிந்த முஸ்லிம் வீட்டாரிடமே அவற்றுக்கு விளக்கம் கேட்டு வர வேண்டும். இது இரண்டாவது நிபந்தனை. பதினொரு வினாக்களோடு வீடு சென்ற மாணவன் ஒருவன், மறுவாரம் ஒன்பதுக்கு விடையோடு வந்தான். எஞ்சிய இரண்டை அந்த வீட்டுப் பெரியம்மாவும் அறியாராம். அவனை உட்கார வைத்து உணவு பரிமாறி, பெருநாளுக்கும் வரச் சொல்லி அனுப்பினாராம். அந்த இரண்டு வினாக்களையும் அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.